வேலை மூக்கண்டப்பள்ளியில், வாடகை பெங்களூரில்!

காலை ஏழு மணிக்கு அத்திப்பள்ளி எல்லையருகே நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை புலப்படும். பெங்களூரிலிருந்து ஓசூரை நோக்கித் தொழிற்சாலை பஸ்கள் வரிசையாக வருகின்றன. அதே நேரத்தில் ஓசூரிலிருந்து பெங்களூரை நோக்கி வேறொரு வரிசை போகிறது. இங்கே குடியிருப்பவர் அங்கே வேலைக்குப் போகிறார். அங்கே குடியிருப்பவர் இங்கே வேலைக்கு வருகிறார். இருவரும் நடுவழியில் ஒருவரையொருவர் பார்த்தும் பாராமலும் கடந்து போகிறார்கள்!

போகிறவர் ஏன் போகிறார் என்று கேட்க வேண்டியதில்லை. எலக்ட்ரானிக் சிட்டியில் உத்தியோகம், அங்கே வாடகை கட்டுப்படியாகவில்லை, ஓசூரில் குடித்தனம். இது ஏழைக்கும் நடுத்தரத்தாருக்கும் உரிய கணக்கு. வருகிறவரின் கணக்குத்தான் விசித்திரமானது. மூக்கண்டப்பள்ளியில் அவருக்கு நல்ல சம்பளம். தொழிற்சாலை வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு பிடிக்கலாம். ஆயினும் அவர் 40 கிலோ மீட்டருக்கு அப்பால், பெங்களூரின் பழைய பகுதி ஒன்றில், லிப்டும் நீச்சல் குளமும் உள்ள ஆடம்பர அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கவே விரும்புகிறார். வசவனகுடி, மல்லேசுவரம், கண்டோன்மெண்ட் என்று பெயர் சொன்னால் உறவினர் புருவத்தை உயர்த்துவார்கள், மூக்கண்டப்பள்ளி என்றால் “அது எங்கே இருக்கிறது?” என்று கேட்பார்கள். வாடகையில் ஒரு பகுதி அந்தப் புருவத்துக்காகக் கொடுக்கப்படுவதுதான்!

கிராமம் பட்டணமான கதை

மூக்கண்டப்பள்ளி நேற்று முளைத்த ஊரல்ல. ஆனால் அதன் பெயர் வெளியூர்க்காரர் காதில் விழத் தொடங்கியது தொழிற்பேட்டை வந்த பிறகுதான். 1971-ம் ஆண்டில் தமிழக அரசு ‘சிப்காட்’ என்ற தொழில் வளர்ச்சிக் கழகத்தை ஏற்படுத்தியது. பின்தங்கிய பகுதிகளில் நிலம் எடுத்து, சாலையும் தண்ணீரும் கொடுத்து, ஆலைகளை அழைப்பது அதன் வேலை. ஓசூர் அதற்கு வாய்த்த இடம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரம், இதமான தட்பவெப்பம், தேசிய நெடுஞ்சாலை, பக்கத்திலேயே பெங்களூர். 1980-க்குள் மொபெட் தயாரிப்பும் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும் ஓசூருக்கு வந்துவிட்டன. 1984-ல் டாட்டா குழுமமும் தமிழக அரசின் ‘டிட்கோ’வும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் நிறுவனம் கடிகாரம் செய்ய இந்த ஊரையே தேர்ந்தெடுத்தது. பெரிய ஆலைகளைச் சுற்றி, அவற்றுக்கு உதிரிப் பாகம் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் பெருகின.

2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. தனி ஊராட்சியாக இருந்த மூக்கண்டப்பள்ளி ஓசூர் நகராட்சியில் சேர்ந்தது. 2019 பிப்ரவரியில் ஓசூர் மாநகராட்சியாயிற்று. 2024 ஜூன் மாதம் ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார். விமானம் வருமுன்னே நிலத்தின் விலை பறக்கத் தொடங்கிவிடும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதல்ல.

இவ்வளவு வளர்ந்த ஊரில் நல்ல சம்பளக்காரர் ஒருவர் குடும்பத்தோடு தங்க ஏன் தயங்க வேண்டும்? கேள்வி அதுதான்.

விளம்பரத்தின் மயக்கம்

ஆடம்பர அடுக்குமாடிக்கு வரும் விளம்பரங்களைப் படித்தால் குபேரபட்டணமே வாடகைக்கு வந்துவிட்டதோ என்று தோன்றும். ‘நகரின் இதயத்தில், பழமையின் மடியில், சகல வசதிகளுடன் மூன்று படுக்கையறை. குடும்பத்தாருக்கு மட்டும்.’ கூடவே இத்தாலியப் பளிங்குத் தரை, இரண்டு கார் நிறுத்துமிடம், உடற்பயிற்சிக் கூடம், குழந்தைகளுக்குச் சறுக்கு மரம், காவற்காரர், மின்சாரம் போனால் ஜெனரேட்டர்.

இதைப் படித்தவுடன் வீட்டில் சம்பாஷணை தொடங்கிவிடுகிறது.

“ஏங்க, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கு. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியும் கிட்டே. நீங்க ஒருத்தர்தானே பஸ்ஸில் போய் வரணும்? மத்த நாலு பேருக்கும் சௌகரியம்!”

“நான் வீட்டுக்கு வரும்போது பிள்ளைங்க தூங்கிப் போயிருக்குமே?”

“ஞாயிற்றுக்கிழமை இருக்கு இல்லையா?”

அந்த அம்மாள் சொல்வதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பக்கத்தில் கோயில், கால் நடையாகப் போய்க் காய்கறி வாங்க ஒரு கடைத்தெரு ஆகியவை பழைய நகரப் பகுதிகளில் இருப்பது உண்மை. தண்ணீர் விஷயத்திலும் அப்படியே. 2024-ம் ஆண்டுக் கோடையில் பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வற்றி, புறநகர்களில் கோடிக்கணக்கில் விலை போன வீட்டுக்காரர்களும் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றார்கள். காவேரிக் குழாய் நெடுநாளாக வந்துகொண்டிருக்கும் பழைய பகுதிகள் அந்த அளவுக்குத் தவிக்கவில்லை. ஆகவே நகரின் நடுவே குடியிருக்க ஆசைப்படுவது வெறும் பகட்டு என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. ஆனால் நியாயமான ஆசைக்கும் விலை உண்டு. அந்த விலையை முழுதும் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் சொற்பம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

உதாரணத்துக்கு, அப்படி ஒரு வீட்டின் வாடகை மாதம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாளைய வழக்கம். அதாவது 6 லட்சம் ரூபாய். இந்தப் பணத்துக்கு வீட்டுக்காரர் வட்டி கொடுப்பதில்லை. பாங்கியில் 7 சத வட்டிக்குப் போட்டிருந்தால் ஆண்டுக்கு 42,000 ரூபாய், மாதத்துக்கு 3,500 ரூபாய் வந்திருக்கும். அது போயிற்று.

அடுத்தது பராமரிப்புச் செலவு. லிப்டு, காவல், நீச்சல் குளம், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. நீந்தத் தெரியாதவரும் குளத்துக்குப் பணம் கட்டித்தான் ஆகவேண்டும்! மாதம் 8,000 ரூபாய் என்று கொள்வோம். வீடு பிடித்துக் கொடுத்த தரகருக்கு ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது வர்ணம் பூச என்று முன்பணத்தில் பிடித்துக்கொள்வது ஒரு மாத வாடகை. மூன்று ஆண்டு குடியிருந்தால் இவ்விரண்டும் சேர்ந்து மாதத்துக்குச் சுமார் 3,300 ரூபாய் வருகிறது. கூட்டிப் பார்த்தால், 60,000 ரூபாய் என்று பேசி முடித்த வீட்டின் உண்மையான வாடகை ஏறத்தாழ 75,000 ரூபாய்! ஆண்டுக்கு ஆண்டு 5 சதம் உயர்வு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அது வேறு.

பணக் கணக்கு இத்துடன் தீர்ந்தது. நேரக் கணக்கு இருக்கிறதே, அது இதைவிடப் பொல்லாதது. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, ஆக நாளுக்கு மூன்று மணி நேரம். மாதம் 25 நாள் வேலை என்றால் 75 மணி. ஆண்டுக்கு 900 மணி. இரவு பகல் சேர்ந்த முழு நாட்களாகச் சொன்னால் முப்பத்தேழரை நாள்! ஆண்டில் ஒரு மாதத்துக்கு மேல் அந்தக் குடும்பத் தலைவர் சாலையிலேயே குடியிருக்கிறார். பளிங்குத் தரை போட்ட வீட்டை வாடகைக்கு எடுத்தவர் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் வசிக்கிறார். அந்த இடத்துக்கு மட்டும் வாடகை இல்லை!

2010-ல் எலக்ட்ரானிக் சிட்டி வரை உயர்மட்டச் சாலை வந்தது. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை சுமார் 19 கிலோ மீட்டர் மெட்ரோ ரயிலும் ஓடத் தொடங்கியது. இவை பிரயாணத்தின் கஷ்டத்தைக் குறைக்கின்றன. ஆனால் பொம்மசந்திராவில் இறங்கியவருக்கு ஓசூர் இன்னும் வந்துவிடவில்லை.

பழமை எங்கே இருக்கிறது?

‘பழமையின் மடியில்’ என்று விளம்பரம் சொல்கிறதல்லவா? அதையும் சற்று விசாரிக்க வேண்டும். 1537-ல் கெம்பே கௌடா கட்டியதாகச் சொல்லப்படும் பெங்களூர்ப் பேட்டை ஒரு காலத்தில் நெசவாளரும் வியாபாரிகளும் தொழில் செய்து, அதே இடத்தில் குடியிருந்த ஊர். சிக்பேட்டையின் பெருமை அங்கே வேலையும் வீடும் ஒரே கூரையின் கீழ் இருந்ததில்தான் இருக்கிறது. 1898-ல் பிளேக் நோய் தாக்கியபோது நெருக்கடி மிகுந்த பேட்டையை விட்டு ஜனங்கள் வெளியேறினார்கள். காற்றோட்டமான தெருக்களும் தோட்டம் வைத்த வீடுகளுமாக வசவனகுடியும் மல்லேசுவரமும் அந்தக் காலத்தில் வளர்ந்தன. ஆரோக்கியத்துக்காகத் திட்டமிட்ட பகுதிகள் அவை.

இன்று அதே தெருக்களில் தோட்டத்தோடு கூடிய பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அந்த மனைகளில் அடுக்குமாடிகள் எழுகின்றன. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் இருபது குடும்பங்கள். ஒரு கார் நின்ற இடத்தில் நாற்பது கார்கள். அந்தப் பகுதியின் அழகுக்காக வந்தவர்கள், அந்த அழகை இடித்துக் கட்டிய வீட்டிலேயே குடியேறுகிறார்கள். பழமைக்கு வாடகை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, பழமை இருந்த இடத்துக்கு வாடகை கொடுக்கிறார்கள்!

பழமைதான் வேண்டுமென்றால் அதற்காக எல்லை கடக்க வேண்டியதில்லை. மூக்கண்டப்பள்ளியிலிருந்து சில கிலோ மீட்டரில் ஓசூரின் தேர்ப்பேட்டை இருக்கிறது. மேலே மலையில் சந்திரசூடேசுவரர், கீழே பச்சைக்குளம், ஆண்டுக்கு ஒரு முறை தேர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே கடைவாசலில் பேசிக்கொள்ளும் தெருக்கள். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி பக்கத்துக் கிராமம். மத்திகிரியில் 1824-ல் ஏற்பட்ட கால்நடைப் பண்ணை இருக்கிறது. சரித்திரத்துக்குப் பஞ்சமில்லை. அதற்கு ஒரு விளம்பரம்தான் இல்லை.

ஊருக்கு நேரும் நஷ்டம்

இதெல்லாம் ஒரு குடும்பத்தின் சொந்த விஷயம், அவர் பணம், அவர் நேரம் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படித் தோன்றினாலும் விஷயம் அத்துடன் நிற்கவில்லை.

மூக்கண்டப்பள்ளியில் இன்னொரு விதமான வாடகை வீடும் இருக்கிறது. ஒரே கூரை, வரிசையாகப் பத்து அறைகள், பொதுவாக ஒரு குளியலறை. பீகார், ஒரிஸா, ஜார்க்கண்டு, அஸ்ஸாம் என்று பல மாநிலங்களிலிருந்து வந்த வாலிபர்கள் அறைக்கு மூவர், நால்வராகத் தங்குகிறார்கள். பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போனதும் இரவு ஷிப்டுக்காரன் அதே பாயில் வந்து படுக்கிறான். அதே தொழிற்சாலையில், அதே இயந்திரத்துக்கு முன்னால் நின்று உத்தரவு போடுகிறவர் பெங்களூரில் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறார். இவன் இருக்கும் வீட்டை அவர் பார்த்ததில்லை.

ஒரு ஊரில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் யார் போய்க் கேட்பது? சாக்கடை தேங்கினால், தெருவிளக்கு எரியாவிட்டால், ஆலைப் புகை அதிகமானால் யார் மனு எழுதுவது? படித்தவரும் நாலு பேரைத் தெரிந்தவரும் செல்வாக்குள்ளவரும் அந்த ஊரில் குடியிருந்தால் ஒரு மனு போகும், பதிலும் வரும். அவர்கள் மாலை ஆறு மணிக்கு பஸ் ஏறிப் போய்விட்டால் ஊருக்கு வாய் இல்லாமல் போகிறது. மொழி தெரியாத வெளிமாநிலத் தொழிலாளி மாநகராட்சி வாசலில் போய் என்ன சொல்லுவான்?

தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் புளோரைடு உப்பு மிகுந்திருந்ததால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட கிராமங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏராளம். ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேறி 2013-ல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவேரியை இங்கே கொண்டு வந்தது. பல ஆண்டுகள் பலர் கேட்டுக் கேட்டுக் கிடைத்த தண்ணீர் அது. இனிக் கேட்க வேண்டியவை எத்தனையோ. கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணைத் தண்ணீர் நுரை பொங்கி வரும் செய்தி பத்திரிகைகளில் எத்தனை முறை வந்துவிட்டது! அதைப் பற்றிக் கவலைப்பட, அந்த ஊரிலேயே இரவும் தங்குகிறவர்கள் வேண்டும்.

நல்ல பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இல்லை என்று குடும்பங்கள் வருவதில்லை. குடும்பங்கள் வராததால் நல்ல பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வளருவதில்லை. விதை முந்தியா, மரம் முந்தியா என்ற வழக்காக இது நின்றுகொண்டிருக்கிறது. யாராவது ஒருவர் முதலில் விதையைப் போட்டாக வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

தமிழ்நாட்டில் வாடகைக்காரருக்குப் பாதுகாப்பு புதியதல்ல. யுத்த கால வீட்டுப் பஞ்சத்தையொட்டி 1946-லும் 1949-லும் சட்டங்கள் வந்தன. பிறகு வந்த 1960-ம் ஆண்டுச் சட்டம், ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றே சொல்லியிருந்தது. சட்டம் அப்படி, நடைமுறை வேறு! அதற்குப் பதிலாக 2017-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்தது. ஓசூர் மாநகராட்சியான அதே மாதம்.

இந்தச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். வாடகைத் தகராறைச் சாக்கிட்டுத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. வீட்டுக்காரருக்கும் இதில் நன்மை உண்டு. பேசிய வாடகையே வாடகை. கெடு முடிந்தால் வீட்டைத் திரும்பப் பெற வழி உண்டு.

மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட மாதிரிச் சட்டம் குடியிருப்பு வீடுகளுக்கு இரண்டு மாத முன்பணமே போதும் என்கிறது. மாநிலங்கள் ஏற்று இயற்றினால்தான் அதற்கு வலு. பத்து மாதம் எங்கே, மூன்று மாதம் எங்கே! நம் மாநிலச் சட்டத்திலுள்ள இந்தச் சகாயத்தை எல்லைக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவர் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எல்லை ஊர்களில் பக்கத்து ஊரின் நல்ல வழக்கத்தைவிட லாபமான வழக்கமே முதலில் எட்டிப் பார்க்கும். ஒப்பந்தத்தில் எதைப் போட்டாலும் கையெழுத்திடும் குடித்தனக்காரர் இருக்கும்வரை மூன்று மாதம் என்ற வரம்பு ஏட்டுச் சுரைக்காய்தான்.

யார் என்ன செய்யலாம்?

முதலில் ஆலை முதலாளிகள். உற்பத்திக்கு இடம் தேடுகிறவர்கள் உற்பத்தி செய்கிறவரின் வீட்டுக்கும் இடம் தேடுவது உலக வழக்கம். ஜாம்ஷெட்பூரும் நெய்வேலியும் அப்படி எழுந்தவை. ஓசூரிலேயே டைட்டன் நிறுவனம் தன் ஊழியர்களுக்கென்று ஒரு குடியிருப்பை அமைத்துக் காட்டியது. பஸ்ஸுக்கும் டீசலுக்கும் ஆண்டுதோறும் கொட்டும் பணத்தில் ஒரு பகுதியை வீட்டுக்குத் திருப்பினால், ஊழியர் களைப்பின்றி வேலைக்கு வருவார். அந்த லாபம் ஆலைக்கே.

அடுத்தது வீட்டுக்காரர்கள். விமான நிலையம் வரப்போகிறது என்று இன்றைக்கே வாடகையை ஆகாயத்தில் ஏற்றினால், வருகிற குடித்தனக்காரர் “இந்த வாடகைக்குப் பெங்களூரே மேல்” என்று சொல்லிவிடுவார். “என்ன ஜாதி? சைவமா, அசைவமா?” என்று கேட்டு வீட்டைப் பூட்டி வைப்பதைவிட, குழாயில் தண்ணீர் வருகிறதா, மாடிப்படியில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது நல்லது.

மாநகராட்சியின் கடமை தெளிவானது. நடக்க நடைபாதை, குழந்தைக்குப் பூங்கா, படிக்க நூலகம், தட்டாமல் தண்ணீர். வீடு ஆடம்பரமாக இல்லாவிட்டாலும் தெரு கௌரவமாக இருந்தால் குடும்பங்கள் வரும். பத்து அறை வரிசை வீடுகளில் ஆளுக்கு எவ்வளவு இடம், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை என்று கண்டிப்பாகப் பார்ப்பதும் அதே கடமையில் சேர்ந்தது.

கடைசியாக, வீடு தேடும் குடும்பங்கள். கையெழுத்துப் போடுமுன் வாடகையை மட்டும் கேட்காமல், முன்பணத்தின் வட்டி, பராமரிப்பு, பிடித்தம், பிரயாணம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்தத் தாளின் அடியில் இன்னொரு வரியையும் எழுத வேண்டும்: ‘இந்த வீட்டில் வாரத்தில் எத்தனை நாள் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம்?’ விடை ஒன்று என்றால், அந்த வீட்டில் எத்தனை வசதி இருந்தாலும் அது குடும்பத்துக்கான வீடல்ல.

பெங்களூரின் பழைய தெருவில் வீடெடுத்து மன நிறைவோடு இருப்பவர்கள் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரு ஊர் சம்பளம் வாங்குமிடமாக மட்டும் இருந்தால் அது சந்தை. சாயங்காலம் விளக்கேற்றுமிடமாகவும் இருந்தால்தான் ஊர். ஐம்பது ஆண்டுகளில் மூக்கண்டப்பள்ளி எத்தனையோ சாமான்களைச் செய்து உலகத்துக்கு அனுப்பிவிட்டது. தன்னிடம் வேலை செய்கிறவர்களைத் தன்னிடமே தங்க வைக்கும் வித்தையை அது இனிமேல்தான் கற்க வேண்டும்.